இரண்டாந்தரம் கேட்கச் சொன்ன பாக்கியக்கா

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்து இந்தக் கல்வெட்டு நினைவுப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது ஏற்கெனவே தெரியும். மிச்சப் பாதிக்கு அந்தப் பாதி பந்தியிலேயே சொல்லியிருக்கும். பாக்கியக்கா இறந்த செய்தி வந்தபோது நான் சிரித்தேன்.

வாயால் அல்ல, விரலால்.

அன்று காலை கடையைத் திறந்து, போட்டோக்கொப்பி மெசின் சூடாகும்வரை கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்கு இருந்த வாட்ஸ்அப் குழுவில் பாக்கியக்காவின் மகள் வாசுகி எழுதியிருந்தார்: "அம்மா விடியப்பறம் எங்களை விட்டிட்டுப் போட்டா." எழுதச் சொல் வரவில்லை. செய்தியை அமத்திப் பிடித்தால் சின்ன முகங்கள் வரிசையாக வருமல்லவா, அதில் கண்ணீர் விடுகிற முகத்தைத் தேடினேன். மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன். கண்ணீர் தெரிந்தது, அமத்தினேன். அந்த வரிசையில் இரண்டு முகங்களுக்குக் கண்ணீர் உண்டு என்பதும், அதில் ஒன்று விழுந்து விழுந்து சிரித்ததால் வந்த கண்ணீர் என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு நிமிடத்துக்குள் அமைப்பின் தலைவர் அழைப்பு எடுத்தார். அவர் புளியங்குளத்தில் மகள் வீட்டில் நின்றார்.

"தம்பி, நீர் பகிடிக்காரன் எண்டு ஊருக்கே தெரியும். ஆனா இதுக்குமோ?"

பதறிப்போய்ச் சிரிப்பை எடுக்கப் பார்த்தேன். அது போய், கட்டைவிரல் வந்து நின்றது. கட்டைவிரலை எடுக்க, சிவப்பு இதயம் வந்தது. ஒரு மரணச் செய்திக்கு மூன்று நிமிடத்தில் சிரித்து, பாராட்டி, காதலும் தெரிவித்த ஒரே மனிதன் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன். தொலைபேசியை நிறுத்திவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செத்த வீட்டுக்குப் போனேன். வாசுகி வாசல் படலையடியில் நின்றார். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்:

"அண்ணை, விடுங்கோ. அம்மா இருந்திருந்தால் உங்களை ஏசியிருக்க மாட்டா. அந்த ரண்டு முகத்தையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சவனைத்தான் ஏசியிருப்பா."

பிறகு அழுதார். நானும் அழுதேன், இம்முறை சரியான முகத்தோடு. கல்வெட்டுக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அங்கேயே கேட்டார். பாக்கியக்காவைத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்குமாக எழுதுகிறேன். தெரிந்தவர்கள் பிழை கண்டால் மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள்.

பாக்கியலட்சுமி என்பது முழுப் பெயர். எங்கள் வட்டக்கச்சியில் உப தபாலதிபராக நெடுங்காலம் இருந்தவர். எனக்கு அவர் அறிமுகமானதும் ஒரு பிழையால்தான். இருபத்திரண்டு வயதில் ஒரு வேலைக்கு விண்ணப்பம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டேன். மூன்றாம் நாள் தபால்காரர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். வேலை கிடைத்துவிட்டதென்று அம்மா சாமி விளக்கைக் கொளுத்திவிட்டா. உடைத்தால் உள்ளே என்னுடைய விண்ணப்பம். பதிவுத் தபால் படிவத்தில் பெறுபவர் என்ற இடத்தில் என் பெயரையே எழுதி, எனக்கே வேலை கேட்டு அனுப்பியிருக்கிறேன்.

தபாலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். பாக்கியக்கா கம்பிக்குள்ளே இருந்து அமைதியாகச் சொன்னார்:

"இந்தக் கிழமை நீ நாலாவது ஆள். நாலு பேரும் மடையரெண்டு நான் நினைக்கேல்லை. உன்னைப் பற்றி மட்டும் கொஞ்சம் சந்தேகம்."

அடுத்த கிழமை போனபோது கவுண்டரில் ஒரு மட்டை கிடந்தது. படிவத்தின் அளவுக்கு வெட்டி, அதில் பிளேட்டால் மூன்று சன்னல் திறந்திருந்தார். மட்டையைப் படிவத்தின் மேலே வைத்தால் எழுத வேண்டிய மூன்று இடம் மட்டும் தெரியும். மற்ற எல்லாம் மறைந்துவிடும். ஒவ்வொரு சன்னலுக்கும் மேலே சிவப்பு மையில் 'ஆருக்கு?', 'எங்கை?', 'நீங்கள் ஆர்?' என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு யாரும் தனக்குத்தானே கடிதம் போடவில்லை. பார்வையிட வந்த மேலதிகாரி ஒருவர் இது ஒழுங்குக்கு மாறானது என்று மட்டையை எடுக்கச் சொன்னாராம். எடுத்தார். அவர் பஸ் ஏறியதும் திரும்ப வைத்தார்.

பிறகு யுத்தத்தில் இடம்பெயர்ந்தோம். தபாலகமும் போனது, மட்டையும் போனது. செட்டிகுளத்தில் முகாமில் இருந்தபோது குடும்ப விபரம் நிரப்ப ஒரு படிவம் கொடுத்தார்கள். பிழையாக நிரப்பினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வெயிலில் அந்த வரிசையின் கடைசி என்பது கண்ணுக்குத் தெரியாத தூரம். பாக்கியக்கா யாரிடமோ ஒரு பிஸ்கற் பெட்டி வாங்கி, பிளேட் கடன் வாங்கி, இன்னொரு மட்டை வெட்டினார். எங்கள் பகுதிக் கூடாரங்களில் அது கைமாறிக் கைமாறிப் போனது. அந்த நாட்களைப் பற்றி அவர் பிறகு கதைத்ததில்லை. மட்டையைப் பற்றி மட்டும் ஒருமுறை சொன்னார்: "அண்டைக்கு நாலாவது சன்னல் ஒண்டு கூடுதலாய் வெட்டிப் போட்டன். அதாலை ரண்டு பேர் பிழை விட்டவை." அந்த இரண்டு பேரின் பெயரும் அவருக்கு நினைவிருந்தது.

இதையெல்லாம் கேட்டு, எல்லாவற்றையும் எல்லோருக்கும் சுலபமாக்கிய மகான் என்று யாரும் எண்ண வேண்டாம். அவரைப் போலக் குழப்பமான ஆளை நான் கண்டதில்லை. வீட்டுத் தொலைக்காட்சி ரிமோட்டில் மூன்று பொத்தானை விட்டுவிட்டு மற்றதெல்லாவற்றையும் பிளாஸ்டர் ஒட்டி மூடியிருந்தார். சரி. ஆனால் அவருடைய பழைய பொத்தான் தொலைபேசியில் இலக்கம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் தேய்ந்து அழிந்துபோனது. அவரைத் தவிர வேறு யாரும் அதில் அழைப்பு எடுக்க முடியாது. குசினியில் இருந்த காஸ் அடுப்பில் இடப்பக்கக் குமிழைத் திருகினால் வலப்பக்கம் பற்றும்.

"அக்கா, இது மட்டும் நல்ல வடிவமைப்போ?" என்று கேட்டேன்.

"எனக்குப் பழகிப் போச்சு."

"அப்ப மற்றவையும் பழகட்டுமே? அதைத்தானே நானும் சொல்லுறன்."

"என்ரை அடுப்பிலை வந்து சமைக்க உன்னை ஆர் கூப்பிட்டது?"

ஒரு பொருள் நல்லது என்றால் யாருக்கு நல்லது, வாங்கியவருக்கா, வந்து போகிறவருக்கா? இரண்டு பேரும் இதைப் பல வருடம் கதைத்தோம். ஒருநாளும் ஒரு முடிவுக்கு வந்ததில்லை. ஒவ்வொரு முறையும் தேத்தண்ணி குடித்து முடிக்கும்போது அவர் என் பக்கமும் நான் அவர் பக்கமும் வாதாடிக்கொண்டிருப்போம்.

இனித்தான் சொல்ல வேண்டிய கதை.

மூன்று வருடத்துக்கு முன்னர் எங்கள் கமக்காரர் அமைப்புக்கு ஒரு செயலி வந்தது. சிறுபோகத்தில், அதாவது கோடைப் பயிருக்கு, குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக, வயல் வயலாக முறை வைத்துத்தான் வரும். முன்னரெல்லாம் ஒருவர் சைக்கிளில் வந்து "நாளையிண்டைக்கு உங்கடை முறை" என்று கத்திவிட்டுப் போவார். இனி அதைத் தொலைபேசி கேட்கும் என்றார்கள். முறைக்கு முதல்நாள் திரையில் கேள்வி வரும். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு பொத்தான், வேண்டாமென்றால் இன்னொன்று. வேண்டாம் என்றால் முறை அடுத்த வயலுக்குப் போய்விடும். யாழ்ப்பாணத்திலிருந்து தர்சினி என்ற பொறியியலாளர் பிள்ளை அதைச் செய்துகொண்டு வந்தார். கெட்டிக்காரி. தமிழ் வசனங்களை எழுத ஒரு ஆள் தேவை என்றதும், அமைப்பின் செயலாளரும் ஊரின் ஒரே எழுத்தாளருமான நான் கையை உயர்த்தினேன். 'தங்கள் வயலுக்குத் தண்ணீர் தேவையா?' என்று எழுதினேன். அந்தத் 'தங்கள்' என்ற சொல்லை நினைத்து ஒரு கிழமை பெருமைப்பட்டேன்.

எங்கள் வாய்க்காலின் கடைசி வயல் முத்துவேல் அண்ணையுடையது. மலையகத்திலிருந்து இளவயதில் வந்து, கூலிக்கு நின்று, பிறகு சொந்தமாக ஒரு ஏக்கர் எடுத்தவர். அதிகம் கதைக்காத மனிதர். முதலாவது முறை வந்தபோது அவருடைய வயலுக்குத் தண்ணீர் போகவில்லை. சில நாளில் வயல் வெடித்து, வெடிப்புக்குள் விரல் போகும் அளவுக்கு வந்துவிட்டது. வீதியால் போகிற எல்லோரும் இறங்கிப் பார்த்தார்கள். நானும் விரலை விட்டுப் பார்த்தேன். கூட்டத்தில் தலைவர் செயலியைத் திறந்து பார்த்தால், முத்துவேல் அண்ணையின் பெயருக்கு நேரே 'வேண்டாம்' என்று இருக்கிறது. அவரே அமத்தியிருக்கிறார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்படியான இடங்களில் ஒரு பகிடி விடுவது என் வேலை என்று ஊர் நினைக்கிறது. நானும் நினைக்கிறேன்.

"தண்ணியே வேண்டாமெண்டு கமம் செய்யிற முதல் ஆள். இண்டையிலிருந்து இவர் எங்கடை வேண்டாம் அண்ணை!"

மண்டபம் அதிர்ந்தது. முத்துவேல் அண்ணை பின்வரிசைக் கதிரையில் இருந்து தானும் கொஞ்சம் சிரித்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தேத்தண்ணிக் கடையில் "வேண்டாம் அண்ணைக்கு ஒரு பிளேன்ரீ" என்றார்கள். கோயில் அன்னதானத்தில் சோறு போடுகிறவர் அகப்பையை நீட்டி, "என்ன, வேண்டாமோ?" என்றார். ஒரு மாதத்துக்குள் அவருடைய பேரப்பிள்ளையையே பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிட்டார்களாம்.

பாக்கியக்கா என் கடைக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை.

"உன்ரை கேள்வியைக் காட்டு."

காட்டினேன். வாசித்தார்.

"டேய், உன்ரை வீட்டுக்கு வந்த ஆளிட்டை 'தேத்தண்ணி குடிக்கிறீங்களோ' எண்டு கேட்டால் என்ன சொல்லும்?"

"வேண்டாமெண்டு சொல்லும்."

"பிறகு?"

"பிறகு நான், 'சும்மா குடியுங்கோ' எண்டு திரும்பக் கேப்பன். குடிக்கும்."

"உன்ரை செயலி திரும்பக் கேட்டதோ?"

நான் மெசினுக்குப் பக்கத்தில் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

"தங்கள் கிங்கள் எண்டு இவ்வளவு மரியாதையாய் ஒருக்காக் கேட்டால், மானமுள்ள மனுசன் ஓமெண்டு பாய்வானோ? அந்த மனுசன் இந்த ஊரிலை நாப்பது வரியம். இப்பதான் பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினவை. நீ அந்தப் பேரையும் எடுத்துப் போட்டாய். அதைத் திருப்பிக் குடு."

"பகிடிக்குச் சொன்னது அக்கா. கொஞ்ச நாளிலை மறந்திடுவினம்."

"பிழை விட்டவன் வெட்கமில்லாமல் திரும்பி வர ஒரு வழி இருக்கோணும். செயலியிலையும் இல்லை, உன்னட்டையும் இல்லை."

அடுத்த கூட்டத்துக்குத் தர்சினியும் வந்திருந்தார். பாக்கியக்கா செயலி இரண்டாந்தரம் கேட்க வேண்டும் என்றார். தர்சினி மரியாதையாக, ஆனால் உறுதியாக மறுத்தார்.

"அம்மா, நல்ல செயலி ஆக்களை நம்போணும். ஒருக்கா வேண்டாமெண்டு சொன்னவரிட்டை 'உண்மையாவோ' எண்டு கேக்கிறது கரைச்சல் குடுக்கிற வேலை. தொடுகை எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லது."

எனக்கு அதுவும் சரியாகத்தான் பட்டது. தலையாட்டினேன். பாக்கியக்கா எழும்பித் தேத்தண்ணித் தட்டோடு வந்தார்.

"பிள்ளை, தேத்தண்ணி?"

"வேண்டாம் அம்மா."

"சரி" என்று தட்டை அடுத்தவரிடம் நீட்டினார். எல்லோரும் குடித்தோம். பிஸ்கற் வந்தது, அதுவும் தர்சினியைத் தாண்டிப் போனது. அரை மணித்தியாலம் கூட்டம் நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்த பிள்ளை, என் கோப்பையைப் பார்த்தது எனக்கே தெரிந்தது. கடைசியில் பாக்கியக்கா கேட்டார்:

"விடாய்க்குதோ பிள்ளை?"

தர்சினி சிரித்துவிட்டார். "ஓம் அம்மா."

"அப்ப ஏன் வேண்டாமெண்டனீர்?"

"நீங்கள் திரும்பக் கேப்பீங்கள் எண்டு நினைச்சன்."

மண்டபத்தில் அப்படியொரு கைதட்டல் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அப்போது பின்வரிசையில் முத்துவேல் அண்ணை எழும்பி ஏதோ சொல்லப் பார்த்தார். பாக்கியக்கா கையைக் காட்டி, "நீங்கள் இருங்கோ அண்ணை, உங்களுக்காக நான் கதைக்கிறன்" என்று இருத்திவிட்டுத் தொடர்ந்தார். என்னைப் பார்த்து, "இப்ப பேரை எடு" என்றார். நான் எழும்பினேன். எழும்பி, "செயலிதான் பிழை, வேண்டாம் அண்ணையில் பிழை இல்லை" என்றேன். திரும்பவும் சிரிப்பு. உண்மையாகவே வாய் தவறியதா, பகிடி வாயை முந்தியதா என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்குப் பாக்கியக்கா என்னோடு கதைக்காமல் போனார்.

செயலி மாற்றப்பட்டது. வேண்டாம் என்று அமத்தினால், 'உண்மையாகவே வேண்டாமோ?' என்று கேட்டது. உடனே வேறு கரைச்சல் தொடங்கியது. சிலர் இரண்டாந்தரமும் வேண்டாம் என்று அமத்திவிட்டு மூன்றாந்தரத்துக்குக் காத்திருந்தார்கள். உண்மையாகவே தண்ணீர் வேண்டாதவர்கள், "என்ன, நாங்கள் பொய் சொல்லுறமோ?" என்று தலைவரிடம் சண்டைக்குப் போனார்கள். தர்சினி தொலைபேசியில் கேட்டார்: "அம்மா, அப்ப எத்தினை தரம்தான் கேக்கிறது?"

"சம்பந்தம் பேசுற வீட்டிலை மூண்டு தரம். மற்ற இடத்திலை ரண்டு காணும்" என்றார் பாக்கியக்கா.

ஆட்களை நம்புவது நல்ல வடிவமைப்பா, ஆட்கள் சொன்னதை நம்பாமலிருப்பது நல்ல வடிவமைப்பா? நான் இரண்டு பக்கமும் மாறி மாறி வாதாடி, இப்போது எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது. தெரிந்தது ஒன்றுதான். சிரிக்கிற முகத்தை நான் அமத்திய அன்று, 'உண்மையாகவே சிரிக்கிறீங்களோ?' என்று அது ஒருதரம் கேட்டிருக்கலாம்.

கடைசியாக அவரைப் பார்த்தது இறப்பதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர். முன்னறையில் கட்டிலில் படுத்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். ரிமோட் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. பிளாஸ்டர் ஒட்டாத பொத்தான் இப்போது ஒன்றுதான்.

"முத்துவேல் அண்ணையின்ரை பேரைத் திருப்பிக் குடுத்திட்டியோ?"

"அடுத்த கூட்டத்திலை கட்டாயம் அக்கா."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "இண்டைக்கு ஒருக்காக் கேட்டிட்டன். ரண்டாந்தரம் கேக்க நான் இருப்பனோ தெரியாது."

கேட்கவில்லை. அதற்கு முதல் போய்விட்டார்.

செத்த வீட்டில் முத்துவேல் அண்ணை வெள்ளை வேட்டியோடு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து நின்றார். யாரோ பக்கத்தில் சொன்னார்: "வேண்டாம் அண்ணையும் வந்து நிக்கிறார்." அப்போதாவது நான் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிரித்த முகத்தின் வெட்கத்தில் இருந்தேன் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஆகவே இங்கே, அச்சில், அழிக்க முடியாத இடத்தில் எழுதுகிறேன். அவருடைய பெயர் முத்துவேல். அவர் பிழை விடவில்லை. கேள்வியை எழுதியவன் நான், பிழை அதில் இருந்தது. பெயரை வைத்தவனும் நான். இனி யாராவது அவரை வேறு பெயரில் கூப்பிட்டால், அது என்னைக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்கிறேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று வாசுகி அலுமாரியிலிருந்து ஒரு பொருளை எடுத்துத் தந்தார். செட்டிகுளத்தில் வெட்டிய மட்டை. ஒரு பக்கத்தில் பாதிப் பிஸ்கற் படம். நான்காவது சன்னலைப் பிறகு பிளாஸ்டரால் ஒட்டி மூடியிருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து, எழுதி முடித்த இந்தத் தாளின் மேலே வைத்துப் பார்த்தேன். திறந்திருந்த மூன்று சன்னலிலும் 'நான்' என்ற சொல்தான் தெரிந்தது.

அக்கா, நீங்கள் முதல்தரம் கேட்டபோதே ஓமென்று சொல்லியிருக்க வேண்டும். பிந்திவிட்டது, ஆனாலும் சொல்கிறேன்: ஓம். ஆறுதலாகப் போங்கோ. அங்கே தேத்தண்ணி வேண்டுமோ என்று யாராவது கேட்டால், வெட்கப்படாமல் முதல்தரமே வாங்கிக் குடியுங்கோ.

இவ்வளவோடு முடித்து அச்சகத்துக்குக் கொடுக்கத்தான் நினைத்தேன். அவருடைய பெயர் வருகிறபடியால், நேற்று முத்துவேல் அண்ணையின் வீட்டுக்குப் போய் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். பேர் வந்த இடத்தில் தலையை ஆட்டினார். முடிந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அன்னைக்கு எனக்குத் தண்ணி நெசமாவே வேணாம். புல்லுக்கு மருந்து அடிச்சு, வயலைக் காயப் போட்டிருந்தேன்."

"ஏன் அண்ணை இதை ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"என்கிட்ட யாரும் கேக்கலியே."